வேர்ல்ட் கோப்பு 312 வரி ஆகிவிட்டது: செட்டா, டேக்கா, எதைப் பிடிப்பது?

கருந்திரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஜென்டூ (மென்பொருளைப் பெரும்பாலும் நாமே கம்பைல் செய்து நிறுவும் லினக்ஸ்) போட்டு இது நான்காவது வருடம், இடையில் ஒருமுறைகூட முதலிலிருந்து நிறுவவில்லை, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் நேற்று வேர்ல்ட் கோப்பை, அதாவது நானாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பட்டியலை, திறந்து எண்ணிப் பார்த்தேன், 312 வரி. பார்த்தவுடன் "ஆமாம், இது இன்னதற்காகப் போட்டது" என்று சொல்லக்கூடியது நூறு தேறினால் அதிகம். மீதியெல்லாம் ஏதோ ஓர் இரவில் எதையோ கம்பைல் செய்ய முயன்றபோது போட்டவை. அந்த முயற்சி தோற்றது, பேக்கேஜ் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு அப்டேட்டிலும் அதையும் சேர்த்துக் கம்பைல் செய்து விசிறியைக் கதறவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் வீரமாக ஒரு காரியம் செய்தேன். தெரியாத வரிகளையெல்லாம் அழித்துவிட்டு டெப்க்ளீன் (யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் கமாண்ட்) ஓட்டினேன், வந்த பட்டியலைப் படிக்காமலே யெஸ் தட்டினேன் (திட்டாதீர்கள், நானே திட்டிக்கொண்டாயிற்று). அடுத்த பூட்டில் வைஃபை இல்லை. வைஃபை போன்ற வன்பொருளுக்கு வேண்டிய லினக்ஸ்-ஃபர்ம்வேர் போயிருந்தது. கெர்னலை (லினக்ஸின் மையக் கருவை) நானே கட்டுகிறேன், அதனால் அந்த ஃபர்ம்வேர் வேண்டும் என்று எந்தப் பேக்கேஜும் கேட்கவில்லை, டெப்க்ளீன் அதன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது. போனை யூஎஸ்பியில் சொருகி நெட் வாங்கி மறுபடி போட்டேன். வேர்ல்ட் கோப்பின் பழைய நகல் ஒன்று இருந்தது, அதை எடுத்து வைத்தேன், 312 வரியும் திரும்பி வந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். ஒவ்வொரு பேக்கேஜின் மேலும் "இது படத் தொகுப்புக்கு", "இது அந்தப் பழைய புராஜெக்டுக்கு" என்று ஒரு டேக் ஒட்டி வைக்க வழி உண்டா? போர்டேஜில் (ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜரில்) செட், அதாவது பெயரிட்ட பேக்கேஜ் தொகுப்பு, என்று ஒன்று இருப்பது தெரியும், ஆனால் நான் பயன்படுத்தியது @வேர்ல்ட் மட்டும்தான். ஒரே பேக்கேஜ் இரண்டு செட்டில் இருக்கலாமா? ஒரு செட்டைத் தூக்கினால் இன்னொன்றில் இருப்பதும் போய்விடுமா? வேறு டிஸ்ட்ரோக்காரர்கள் (டெபியன், ஆர்ச், ஆல்பைன் போன்ற மற்ற லினக்ஸ் வகையினர்) எப்படிச் செய்கிறீர்கள் என்றாலும் சொல்லுங்கள், நான் மாறப்போவதில்லை, ஆனால் யோசனையைத் திருடுவேன்.

பழைய_கெர்னல் எழுதியது:

போனிலிருந்து எழுதுகிறேன், விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்கச் சோம்பல், கமாண்டுகளை ஒலிப்படியே தருகிறேன், டெர்மினலில் சரியாக அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் @வேர்ல்ட் என்பது வேர்ல்ட் கோப்பு மட்டும் அல்ல. அது @சிஸ்டம் (அடிப்படை அமைப்பு), @புரொஃபைல் (தேர்ந்த புரொஃபைல் சேர்ப்பது), @செலக்டட் (நீங்களாகக் கேட்டது) ஆகிய மூன்றும் சேர்ந்தது. அந்த @செலக்டட் உள்ளேயும் இரண்டு பாதி. ஒன்று நீங்கள் எண்ணிய வேர்ல்ட் கோப்பு. இன்னொன்று அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கும் வேர்ல்ட்_செட்ஸ் கோப்பு, அதைப் பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் தனி பேக்கேஜை நிறுவினால் முதல் கோப்பில் ஒரு வரி விழும், ஒரு செட்டை நிறுவினால் இரண்டாவதில் செட்டின் பெயர் விழும். டெப்க்ளீன் @சிஸ்டம், @புரொஃபைலோடு இந்த இரண்டையும் வேராக வைத்துத்தான் மரத்தில் நடக்கும், வேரிலிருந்து போய்ச் சேர முடியாததை வெட்டும்.

செட் உருவாக்குவது மிகச் சாதாரணம். ஈடிசி கீழே போர்டேஜ், அதற்குள் செட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதில் ஒரு கோப்பு, அவ்வளவுதான். கோப்பின் பெயர்தான் செட்டின் பெயர், வரிக்கு ஒரு பேக்கேஜ். முன்னால் @ போட்டு வேறொரு செட்டின் பெயரையும் உள்ளே எழுதலாம், செட்டுக்குள் செட். ஹேஷ் போட்டுக் குறிப்பும் எழுதலாம், உங்களுக்கு இதுதான் முக்கியம். வேர்ல்ட் கோப்பில் குறிப்பு எழுதிப் பயனில்லை, எமர்ஜ் (போர்டேஜின் கமாண்ட்) அதைத் தானே வரிசைப்படுத்தித் திரும்ப எழுதும்போது உங்கள் குறிப்பு காணாமல் போய்விடும். செட் கோப்போ உங்களுடையது, எமர்ஜ் அதில் கை வைக்காது.

ஒரே பேக்கேஜ் எத்தனை செட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு செட்டை டீசெலக்ட் செய்தால் (பதிவிலிருந்து மட்டும் எடுத்தால்) இன்னொரு செட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை டெப்க்ளீன் அதைத் தொடாது. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இந்த ஒன்றிலேயே இருக்கிறது.

இனி எங்கே எல்லாரும் விழுகிறார்கள் என்றால், செட் கோப்பை அழகாக எழுதிவிட்டு அதே பேக்கேஜ் வேர்ல்ட் கோப்பிலும் இருப்பதை மறந்துவிடுவார்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து செட்டை டீசெலக்ட் செய்துவிட்டு "ஒன்றுமே போகவில்லையே" என்று இங்கே வந்து கேட்பார்கள். வேர்ல்டில் தனியாக ஒரு பிடி இருக்கும்போது எப்படிப் போகும்? ஆகவே வரிசை முக்கியம்: செட் கோப்பை எழுதுங்கள், எமர்ஜுக்கு நோரீப்ளேஸ் கொடுத்துச் செட்டைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் அந்த பேக்கேஜ்களை வேர்ல்டிலிருந்து டீசெலக்ட் செய்யுங்கள், கடைசியில் டெப்க்ளீனை பிரிடெண்டோடு (எதையும் நீக்காமல் பட்டியல் மட்டும் காட்டும்) ஓட்டி, தயவுசெய்து இந்தமுறை, பட்டியலைப் படியுங்கள். நோரீப்ளேஸ் போடாமல் வெறுமனே செட்டின் பெயரைக் கொடுத்தால் அதில் உள்ள எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய ஆரம்பித்துவிடும், பிரௌசர் ஏதாவது உள்ளே இருந்தால் அன்றைய பொழுது போயிற்று.

நேரடியாக நீக்கும் அன்மெர்ஜுக்குச் செட் பெயரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது வேறு எந்தப் பேக்கேஜாவது அதைச் சார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் பிடுங்கிவிடும். டீசெலக்ட், பிறகு டெப்க்ளீன், இந்தப் பாதை மட்டும்தான்.

டெப்_வாசி எழுதியது:

டேக் பற்றிக் கேட்டீர்களே என்று எட்டிப் பார்த்தேன். டெபியன் பக்கம் டேக் என்றால் இரண்டு வேறு சமாச்சாரம், பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பாதீர்கள்.

ஒன்று டெப்டேக்ஸ். ஜென்டூவில் ஒரு பேக்கேஜுக்கு ஒரே ஒரு கேட்டகரிதான், ஆப்-எடிட்டர்ஸ் என்றால் அதில் மட்டும்தான். டெபியனின் செக்‌ஷனும் அப்படித்தான், ஒரு புத்தகம் ஒரு அலமாரியில்தான் நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கத்தான் டெப்டேக்ஸ் வந்தது. ரோல்::புரோகிராம், இன்டர்ஃபேஸ்::கமாண்ட்லைன், யூஸ்::எடிட்டிங், இம்ப்ளிமென்டட்-இன்::பைத்தான் என்று ஒரே பேக்கேஜுக்குப் பல முகங்கள். "கமாண்ட்லைனில் ஓடும், படத்தைக் கையாளும், பைத்தானில் எழுதிய புரோகிராம்" என்று தேடலாம். தேடுவதற்கு அருமை. ஆனால் உங்கள் சிக்கலுக்கு இது உதவாது, ஏனென்றால் இது பேக்கேஜ் என்ன என்று சொல்கிறது, உலகத்தில் எல்லாருக்கும் ஒரே பதில். அது உங்கள் கணினியில் ஏன் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது டெபியனின் பேக்கேஜ் மேனேஜர்களில் ஒன்றான ஆப்டிடியூடின் யூசர்-டேக். இதுதான் நீங்கள் கேட்பது. ஆட்-யூசர்-டேக் என்று கமாண்ட் கொடுத்து எந்தப் பேக்கேஜிலும் உங்கள் விருப்பப்படி ஒரு சொல்லை ஒட்டலாம், பிறகு யூசர்-டேக் என்ற தேடல் சொல்லை வைத்து அந்த டேக் உள்ளவற்றை மட்டும் பட்டியலிடலாம். இன்ஸ்டால் செய்யும்போதே டேக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் ஒன்று, அப்படிக் கொடுத்தால் பின்னால் வால் பிடித்து வரும் டிபெண்டன்சிகளுக்கும் (அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களுக்கும்) அதே டேக் விழும். ஐந்து பேக்கேஜ் போட்டு நாற்பதில் டேக் ஒட்டியிருப்பதைப் பார்த்து முதல்முறை நான் முழித்தேன். குறிப்பிட்டவற்றுக்கு மட்டும் ஒட்ட ஆட்-யூசர்-டேக்-டூ என்று தனி விருப்பம் இருக்கிறது.

குறை என்னவென்றால் இது ஆப்டிடியூடின் சொந்தக் குறிப்பேடு. டெபியனின் மற்ற கருவிகளில் ஆப்ட் இதைப் பார்க்காது, டிபிகேஜிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேறு கணினிக்குப் போனால் கூடவே வராது.

இரண்டு வருடம் டேக்கோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோ என்று ஒரு டேக், ஆடியோ என்று ஒரு டேக் வைத்திருந்தேன், எஃப்எஃப்எம்பெக் (ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் கருவி) இரண்டிலும் இருந்தது. வீடியோ வேலை முடிந்தது, அந்த டேக் உள்ள எல்லாவற்றையும் ரிமூவ் என்றேன். எஃப்எஃப்எம்பெக்கும் போயிற்று. ஆடியோ என்ற டேக் அதன்மேல் ஒட்டியிருந்ததுதான், ஆனால் அந்த டேக் அதைப் பிடித்து வைக்கவில்லை. டேக் என்பது ஜாடியில் ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான், சீட்டு ஜாடியைத் தாங்காது. ஆப்டிடியூடில் "வீடியோ டேக் உண்டு, ஆடியோ டேக் இல்லை" என்று சேர்த்து எழுதித்தான் தப்பிக்க வேண்டும். ஒவ்வொருமுறையும் அது நினைவில் இருக்க வேண்டுமே.

கருந்திரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. எஃப்எஃப்எம்பெக் கதை எனக்காகவே நடந்தது போலிருக்கிறது.

சனி ஞாயிறு உட்கார்ந்து செட் பிரிக்க ஆரம்பித்தேன். எடிட்டர்கள், பிரௌசர்கள், மீடியா, நெட்வொர்க், ஃபான்ட், நிரல்மொழிகள் என்று பதினான்கு கோப்பு. ஞாயிறு மாலைக்குள் மாட்டிக்கொண்டேன். கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) எங்கே போகும்? நிரலாக்கமா, எழுத்து வேலையா (கட்டுரைகளையும் கிட்டில்தான் வைக்கிறேன்), சர்வர் பராமரிப்பா? மூன்றிலும் போட்டேன். ரிசிங்க் பேக்கப்பா நெட்வொர்க்கா? கர்ல்? இப்படியே போனால் பாதி பேக்கேஜ் பாதி செட்டில் இருக்கும். இரண்டு நாள் வேலைக்குப் பிறகும் எதை நீக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு அடிகூட நெருங்கவில்லை. முன்பு குப்பை ஒரே மூட்டையில் இருந்தது, இப்போது பதினான்கு மூட்டையில் இருக்கிறது.

தூக்கமில்லாதவன் எழுதியது:

கருந்திரை, நீங்கள் செய்தது கேட்டகரியைக் கையால் மறுபடி எழுதியது. எடிட்டர்கள் என்று செட் வைத்தால் அதில் புது விவரம் என்ன இருக்கிறது? ஆப்-எடிட்டர்ஸ் என்று ஜென்டூவே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எழுதி வைத்திருக்கிறது.

செட்டுக்குப் பொருளின் பெயரை வைக்காதீர்கள், வேலையின் பெயரை வையுங்கள். முடியக்கூடிய வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இந்தச் செட்டை மொத்தமாகத் தூக்கும் ஒரு நாள் வரும் என்று கற்பனை செய்ய முடிகிறதா? "பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்குவது" என்ற செட்டைத் தூக்கலாம், கேசட்டுகள் தீர்ந்தால் முடிந்தது. "மைக்ரோகண்ட்ரோலர் விளையாட்டு" செட்டைத் தூக்கலாம், சலித்தால் போயிற்று. "எடிட்டர்கள்" செட்டை ஒருநாளும் யாரும் மொத்தமாகத் தூக்கப்போவதில்லை. தூக்கவே முடியாத செட் எதற்கு?

கிட் பிரச்சினையும் இதில் தானாகவே கரையும். எந்த வேலை முடிந்தாலும் கிட் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், அப்படியானால் அது எந்த வேலையையும் சேர்ந்தது அல்ல, "எப்போதும்" என்று ஒரு செட் வைத்து அதில் போடுங்கள். என் "எப்போதும்" முப்பது வரிகூட இல்லை. ஷெல், எடிட்டர், கிட், டீமக்ஸ், ரிப்கிரெப், இப்படி. அதற்கு அடுத்து "இந்தப் பெட்டி" என்று ஒன்று: இந்தக் கணினியின் வன்பொருளுக்காக மட்டும் இருப்பவை. உங்கள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் அங்கே போக வேண்டும், பக்கத்தில் "வைஃபை இதனால்தான் ஓடுகிறது, தொடாதே" என்று ஒரு குறிப்போடு. பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாத டிபெண்டன்சிகள் எல்லாம் சேரும் இடம் அது. கையால் கட்டிய கெர்னல், நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட், ஹோம் ஃபோல்டரில் கம்பைல் செய்து வைத்த புரோகிராம், இவற்றுக்கெல்லாம் என்ன வேண்டும் என்று எமர்ஜ் எப்படிக் கண்டுபிடிக்கும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழக்கம், இது சின்னதுதான் ஆனால் இதனால்தான் என் வேர்ல்ட் கோப்பு இப்போது காலியாகவே இருக்கிறது. எதையாவது முயன்று பார்க்கப் போட்டால் ஒன்ஷாட்டோடு போடுங்கள். வேர்ல்டில் வரி விழாது. பிடித்திருந்தால் உட்கார்ந்து ஏதாவது ஒரு செட்டில் எழுதுவீர்கள், மறந்துவிட்டால் அடுத்த டெப்க்ளீன் கூட்டிவிடும். 312 வரி சேர்ந்ததற்குக் காரணம் ஒழுங்கின்மை என்று நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எமர்ஜ் தன் இயல்பில் எதையும் வைத்துக்கொள்ளும், விடச் சொன்னால்தான் விடும். அதைத் திருப்பிப் போட வேண்டும்.

எந்தப் பேக்கேஜுக்கு எந்த வசதி (யூஸ் ஃபிளாக்), எதன் சோதனைப் பதிப்பு என்று சொல்லும் பேக்கேஜ்.யூஸ், பேக்கேஜ்.அக்செப்ட்_கீவேர்ட்ஸ் இரண்டையும் கோப்பாக வைக்காமல் ஃபோல்டராக மாற்றி, உள்ளே செட்டின் பெயரிலேயே கோப்பு வையுங்கள். செட் போகும்போது அந்தக் கோப்பையும் அழித்தால் அதற்காகத் திறந்துவிட்ட யூஸ் ஃபிளாக் எல்லாம் கூடவே போகும். இல்லையென்றால் பேக்கேஜ் போய் மூன்று வருடம் ஆன பிறகும் அதன் ஃபிளாக் அங்கே குடியிருக்கும். ஏற்கெனவே குடியிருப்பதைக் கண்டுபிடிக்க எய்க்ஸ் என்ற பேக்கேஜ் தேடும் கருவியோடு வரும் எய்க்ஸ்-டெஸ்ட்-அப்ஸலீட் போதும்.

குட்டிப்பெட்டி எழுதியது:

ஆல்பைனில் இது ஒரு வரி. ஏபிகே ஆட், விர்ச்சுவல் என்று சொல்லி ஒரு பெயர், பின்னால் பேக்கேஜ்கள். வேலை முடிந்ததும் ஏபிகே டெல் கொடுத்து அந்தப் பெயரை மட்டும் சொன்னால் மொத்தமும் போய்விடும், வேறு யாருக்காவது தேவைப்படுவது மட்டும் நிற்கும். கண்டெய்னர் கட்டுபவர்கள் .பில்ட்-டெப்ஸ் என்று வைத்துக் கம்பைலரைக் கொண்டுவந்து, கட்டி முடித்துவிட்டு, அதே படியிலேயே தூக்கியெறிவதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கமில்லாதவன் சொன்ன "முடியக்கூடிய வேலை" என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது, பதினைந்து வினாடியில் முடிகிற வேலைக்குக்கூட ஒரு செட்.

வரிவரியாய் எழுதியது:

எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன்.

நான் ஆர்ச். அங்கே குரூப் உண்டு, மெட்டாபேக்கேஜ் (மற்ற பேக்கேஜ்களைச் சார்ந்திருப்பது மட்டுமே வேலையான காலி பேக்கேஜ்) உண்டு, இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். குரூப்பை நிறுவினால் அந்த நிமிடம் அதில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள், நாளை அதில் ஒரு பெயர் கூடினால் உங்களுக்கு வராது. மெட்டாபேக்கேஜ் என்றால் டிபெண்டன்சி மாறும்போது அப்டேட்டோடு வந்துவிடும். 2019 அக்டோபரில் பேஸ் குரூப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் மெட்டாபேக்கேஜ் வைத்தபோது இந்த வித்தியாசம் பலருக்கு முதல்முறையாக உறைத்தது. அதற்காக நான் போய் சொந்த மெட்டாபேக்கேஜ்கள் கட்டினேன், வேலைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிகேஜிபில்ட் (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு). ஒரு பேக்கேஜ் சேர்க்க வேண்டுமென்றால் கோப்பைத் திருத்து, வெர்ஷனை ஏற்று, கட்டு, நிறுவு. ஒரு மாதம் செய்தேன். பிறகு அவசரத்துக்கு நேரடியாகவே நிறுவ ஆரம்பித்தேன், பிறகு மெட்டாபேக்கேஜ் ஒரு பக்கம் உண்மை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு கோப்பு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு வரி, பக்கத்தில் ஏன் என்று நாலு சொல், கிட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஆர்ச்சின் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேனிடம் நானாகக் கேட்டு நிறுவியவற்றின் பட்டியலை வாங்கி (க்யூ, க்யூ, ஈ) கோப்போடு ஒப்பிடுகிறேன். கோப்பில் இல்லாதது கணினியில் இருந்தால் ஒன்று எழுதுகிறேன், இல்லையென்றால் ஆஸ்டெப்ஸ் (டிபெண்டன்சியாக மட்டும் வந்தது) என்று குறித்துவிடுகிறேன், அநாதையானால் பிறகு போகும். டேக் இல்லை, செட் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கணினியில் இருப்பதைக் கோப்பில் கொட்டுவது வேறு, கோப்பில் இருப்பதைக் கணினியில் கொண்டுவருவது வேறு. ஹோம்ப்ரூ (மேக்கில் பரவலான பேக்கேஜ் மேனேஜர்) வைத்திருப்பவர்கள் ப்ரூ பண்டில் டம்ப் போட்டு ப்ரூஃபைல் எடுத்து "என் அமைப்பு பத்திரம்" என்பார்கள். அது வெறும் புகைப்படம், குப்பையும் சேர்ந்தே பத்திரமாக இருக்கிறது. அடுத்தமுறை ஃபோர்ஸ் போட்டு டம்ப் எடுத்தால் நீங்கள் கையால் எழுதிய குறிப்புகளும் போய்விடும். அதே ப்ரூஃபைலைக் கையால் எழுதி, அதில் இல்லாததை ப்ரூ பண்டில் க்ளீனப் தூக்கட்டும் என்று விட்டால் கதையே வேறு. கீக்ஸ் என்ற டிஸ்ட்ரோவில் மேனிஃபெஸ்ட், நிக்ஸ்ஓஎஸ்ஸில் கான்ஃபிகரேஷன் கோப்பு, அங்கெல்லாம் இந்தத் திசை ஒன்றுதான், வரியை அழித்தால் அடுத்த கட்டுமானத்தில் அது இல்லை, அதனால் அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே அபூர்வம்.

பழைய_கெர்னல் எழுதியது:

வரிவரியாய், நீங்கள் "டேக் இல்லை செட் இல்லை" என்று சொல்லிவிட்டு விவரித்தது அப்படியே ஒரு செட் கோப்பு. வரிக்கு ஒரு பேக்கேஜ், பக்கத்தில் குறிப்பு, கிட்டில். ஒரே வித்தியாசம், ஜென்டூவில் அந்தக் கோப்பை எமர்ஜே படிக்கும், வாரம் ஒருமுறை ஒப்பிட வேண்டாம். ஈடிசி போர்டேஜ் ஃபோல்டர் முழுவதையும் கிட்டில் போட்டுவிட்டால் யூஸ் ஃபிளாக் வரலாறும் சேர்ந்தே வரும்.

டெபியன்காரர்களுக்கும் செட் வேண்டுமென்றால் ஈக்விவ்ஸ் இருக்கிறது. ஒரு சின்ன கண்ட்ரோல் கோப்பில் டிபெண்ட்ஸ் எழுதிக் கட்டினால் உங்கள் சொந்த மெட்டாபேக்கேஜ். டெப்_வாசி இதை ஏன் சொல்லவில்லை?

டெப்_வாசி எழுதியது:

சூடு பட்டதால் சொல்லவில்லை. டிபெண்ட்ஸ் என்று எழுதினால் உள்ளே இருக்கும் ஒரே ஒரு பேக்கேஜை நீக்கினாலும் மெட்டாபேக்கேஜும் சேர்ந்து கழன்றுவிடும், அது கழன்றதும் மற்ற எல்லாம் ஆட்டோரிமூவ் (ஆப்ட் பக்கத்து டெப்க்ளீன்) பட்டியலில் வந்து நிற்கும். டெஸ்க்டாப்போடு வந்த ஒரு விளையாட்டை நீக்கப் போய் டெஸ்க்டாப் முழுவதும் "இனி தேவையில்லை" என்று வந்ததைப் பார்த்து அலறியவர்கள் இதே காரணத்தால்தான் அலறினார்கள். ரெகமெண்ட்ஸ் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை, தனியாக ஒன்றை நீக்கலாம், ஆப்ட் தன் வழக்கமான அமைப்பில் ரெகமெண்ட்ஸையும் நிறுவும், அது இருக்கும்வரை மற்றவற்றை ஆட்டோரிமூவ் தொடாது.

அப்புறம் அந்தக் கண்ட்ரோல் கோப்பில் செக்‌ஷன் என்ற இடத்தில் மெட்டாபேக்கேஜஸ் என்று எழுதாதீர்கள், பார்க்கச் சரியாகத்தான் தெரியும். அந்தப் பிரிவின் பிள்ளைகளை ஆப்ட் தனியாக நடத்தும், தாய் போன பிறகும் அவை தங்கிவிடும், நீங்கள் எதற்காகச் செட் வைத்தீர்களோ அதுவே நடக்காது. மிஸ்க் என்று விட்டுவிடுங்கள்.

கருந்திரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பதினான்கு செட்டையும் அழித்துவிட்டு வேலையின் பெயரில் மறுபடி எழுதினேன் (கோப்பின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைத்தேன், வீண் வம்பு வேண்டாமென்று). இப்போது "எப்போதும்" 34 வரி, "இந்தப் பெட்டி" 11, அச்சுக்கான புத்தக வேலை 19, படம் 22, ஒரு சர்வர் வேலை 9, மின்னணு விளையாட்டு 12. சில பெயர்கள் இரண்டு செட்டில் இருக்கின்றன, இனி அதைப் பற்றிக் கவலையில்லை. ஒவ்வொரு செட்டாகப் பதிவு செய்து, டீசெலக்ட் செய்து, டெப்க்ளீனை பிரிடெண்டோடு ஓட்டி, பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படித்தபோதுதான் பிரிண்டரை இயக்கும் சீயுபிஎஸ் எந்தச் செட்டிலும் இல்லை என்று தெரிந்தது, படிக்காமல் யெஸ் தட்டியிருந்தால் அடுத்த பிரிண்ட் கொடுக்கும் நாளில்தான் தெரிந்திருக்கும். இப்போது "இந்தப் பெட்டி"யில் 12 வரி.

டேக் ஆசை முழுதாக விடவில்லை. செட் கோப்பில் குறிப்பு எழுதும்போது தேதியும் ஒரு சொல்லும் சேர்த்து எழுதுகிறேன், கிரெப் போட்டுத் தேடுகிறேன், எனக்கு அதுவே டேக். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். "தெரியவில்லை" என்று ஒரு செட் வைத்து முடிவெடுக்க முடியாதவற்றை அதில் போட்டேன், தேடித் தேடிக் குறைத்து இப்போது மூன்றில் நிற்கிறது: டாஸ்எஃப்எஸ்டூல்ஸ், பஹோல், சீபியுஐடி2சீபியுஃபிளாக்ஸ். எதுவும் இவற்றைக் கேட்கவில்லை. தூக்கிவிடலாமா?

தூக்கமில்லாதவன் எழுதியது:

கடைசியைத் தூக்கலாம். போர்டேஜின் அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃப் பக்கம் எழுதும் சீபியு ஃபிளாக் வரியைக் கண்டுபிடித்துத் தருவது அது, ஒருமுறை ஓட்டியாயிற்று என்றால் வேலை முடிந்தது, ப்ராசஸர் மாறினால் ஒன்ஷாட்டில் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பஹோலை உடனே தூக்காதீர்கள். கெர்னல் கான்ஃபிகில் பிடிஎஃப் டீபக் விவரம் ஆன் செய்திருந்தால் கெர்னல் கட்டும்போது அது வேண்டும், நீங்கள் கையால் கட்டுவதால் எமர்ஜுக்கு அது தெரியாது. கான்ஃபிகைப் பாருங்கள், ஆன் என்றால் "இந்தப் பெட்டி".

டாஸ்எஃப்எஸ்டூல்ஸும் அங்கேதான். பூட்டுக்கான உங்கள் ஈஎஃப்ஐ பார்டிஷன் ஃபேட் அமைப்பில் இருக்கும், அதற்கு எஃப்எஸ்சிகே (பிழைச் சோதனை) ஓட்டுவது அந்தப் பேக்கேஜ். பார்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் கடைசி எண் 2 என்று இருந்தால் பூட்டின்போது அதைத் தேடும்.

கருந்திரை எழுதியது:

எண் 2 தான். பிடிஎஃப்பும் ஆன். "இந்தப் பெட்டி" 14 வரி. "தெரியவில்லை" கோப்பை அழித்துவிட்டேன்.